ஜமீன்தாருக்குப் போட்ட மாலை

செம்பரம்பாக்கம் ஏரிக்கு அந்தப் பக்கம் இருக்கும் தீம் பார்க்கில் பேய் பங்களா என்று புதிதாக ஒரு ஓட்டல் கட்டினார்கள். புத்தம்புதுச் சுவரில் விரிசல் வரைந்தார்கள், நல்ல தேக்குக் கதவை மெனக்கெட்டுக் கிறீச்சிட வைத்தார்கள். பணத்தைக் கொட்டி வீட்டைப் பாழாக்கும் அந்தக் கூத்தில் விஜய்க்குத் தச்சு வேலை. திறப்பு விழா அன்றே நிரந்தர வேலைக்கு ஆர்டர் தருவதாக டிசைனர் ஸ்ரீநாத் சொல்லியிருந்தான். வருஷக்கணக்காகக் காண்ட்ராக்டில் அலைந்தவனுக்கு வேறென்ன வேண்டும்?

ஹாலில் மாட்ட ஒரு ஜமீன்தார் முகம் வேண்டும் என்று ஸ்ரீநாத் கேட்டபோது, விஜய் தன் அப்பா துலுக்கானத்தின் போட்டோவைக் கொடுத்தான். அந்த முறுக்கு மீசைக்குக் கம்ப்யூட்டரில் தலைப்பாகை கட்டிப் பெரிய சட்டம் போட்டார்கள். விஜய்தான் ஸ்குரூ முடுக்கி மாட்டினான். பேய் பங்களாவில் ஜமீன்தார் உயிரோடா இருப்பார்? அந்த யோசனை அவன் மண்டையில் ஏறவே இல்லை.

"நம்ம மூஞ்சிய பெரிய ஓட்டல்ல மாட்டிகீறாங்கப்பா!" என்று துலுக்கானம் தெரு முழுக்கச் சொல்லிவிட்டார்.

விழாவுக்கு வேலையாட்களின் குடும்பங்களையும் அழைத்திருந்தார்கள். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் துலுக்கானம் முன்னால் நடக்க, விஜயின் அம்மா ராஜம்மா பட்டுப்புடவையில் பின்னால் வந்தாள். ஹாலுக்குள் நுழைந்ததும் விஜய் அப்பாவின் படத்தைப் பார்த்தான். நேற்று சாயங்காலம் வரை வெறும் படம். இப்போது அதன்மேல் சந்தன மாலை, நெற்றியில் குங்குமப் பொட்டு, கீழே மினுக் மினுக்கென்று ஒரு சிவப்பு பல்பு.

"ஐயோ! இன்னாடா இது? உசுரோட கீற மனுசனுக்கு மாலையா?" ராஜம்மா தாலியைப் பிடித்துக்கொண்டு அலறினாள். எட்டி மாலையைப் பிடித்து இழுத்தாள். அது அறுந்து அவள் காலடியில் விழுந்தது. துலுக்கானம் தன் நெற்றியை ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

வந்திருந்த விருந்தினர்கள் செல்போனைத் தூக்கினார்கள். ராஜம்மா தேம்பித் தேம்பி ஓய்ந்ததும் படபடவென்று கைதட்டல். எல்லாரும் இதை ஷோ என்று நினைத்துவிட்டார்கள்.

ஸ்ரீநாத் ஓடி வந்தான். மன்னிப்புக் கேட்கத்தான் வருகிறான் என்று நினைத்தான் விஜய்.

"சூப்பர் விஜய்! உங்கம்மா தினமும் இதே மாதிரி அழுவாங்களா? உன் ஆர்டரோட அவங்களுக்கும் ஒண்ணு போட்டுடலாம்."

ராஜம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்தாள்.

"தம்பி, ஒங்கம்மா கீறாங்களா?"

"இருக்காங்க..."

"அப்ப ஒன் போட்டோவுக்கு மாலய போட்டு அவங்கள இட்டாந்து காட்டு. என்னவிட நல்லா அழுவாங்க."

ஸ்ரீநாத்துக்கு முகம் சுண்டிப்போனது.

விஜய் ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினான். பாக்கெட்டிலிருந்து ஸ்குரூ டிரைவரை எடுத்தான்.

"படத்துல கைய வெச்சா ஆர்டர் கிடையாது, சொல்லிட்டேன்," என்றான் ஸ்ரீநாத் பல்லைக் கடித்துக்கொண்டு.

விஜய் கடைசி ஸ்குரூ வரை கழற்றினான். "நைனா, புடி" என்று படத்தைக் கீழே இறக்கினான். துலுக்கானம் தன்னையே இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

கூட்டம் அதற்கும் கைதட்டியது.