உட்கூரையில் வைத்த பஞ்சு

என் மாமனார் அந்த ரயில் இஞ்சினைப் பழைய துண்டில் சுற்றி, பிரசவ வார்டிலிருந்து வருகிறவர் போல இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வந்தார். ஒரு சாண் நீளப் பிளாஸ்டிக் இஞ்சின். முதலில் பச்சை, அதன்மேல் யாரோ சிவப்பைக் கனமாகப் பூசியிருந்ததில் சன்னல் விளிம்புகள் எல்லாம் மொழுக்கென்று அடைபட்டுக் கிடந்தன.

“பழையபடி பச்சையா வேணும் மாப்பிள்ளை. பத்து வயசுல எனக்குன்னு கிடைச்ச ஒரே பொருள். பரண்ல கிடந்துச்சு.”

ஆபீஸ் விட்டு வந்தபின் மாதிரி ரயில்களுக்குப் பழைய பெயின்ட் எடுத்துப் புதிது அடிப்பது என் பொழுதுபோக்கு. “வீட்டுச் சுவரு உரிஞ்சு தொங்குது, இவரு பொம்மையை உரிக்கிறாரு” என்பாள் மனைவி. அவள் சொல்வதில் தப்பில்லை. ஆனால் சுவரை விட இஞ்சினுக்கு நான் ஒழுங்கு பார்ப்பேன். மேல்கூட்டைக் கழற்றுவேன். சக்கரமும் மோட்டாரும் ஒரு டப்பாவில், திருகுகள் ஒரு டப்பாவில். பிறகு சோதனை. தின்னர் பட்டால் பிளாஸ்டிக் மெழுகாய் இளகிவிடும். ஆல்கஹால் பெரும்பாலும் பெயின்டை மட்டும் தின்னும். அந்தப் ‘பெரும்பாலும்’ என்ற சொல்லை நம்பி இன்னொருவர் பொருளை முக்கிவிடக் கூடாது. அதனால் யார் கண்ணிலும் படாத ஓர் இடத்தில் நனைத்த பஞ்சைப் பத்து நிமிஷம் வைத்துப் பார்க்க வேண்டும். யார் கண்ணிலும் படாத இடம் என்றால் கூட்டின் உட்கூரைதான்.

அன்றும் வைத்தேன். எடுத்தபோது பஞ்சு நீலமாக இருந்தது.

சிவப்பும் பச்சையுமான இஞ்சினில் நீலம் ஏது? கண்ணாடியை மாட்டிக்கொண்டு விளக்கடியில் சாய்த்துப் பார்த்தேன். பால்பாயிண்ட் பேனாவில் எழுதிய குழந்தைக் கையெழுத்து, ஈரத்தில் கரைந்து பரவிக்கொண்டிருந்தது. ஆனாலும் படிக்க முடிந்தது. ‘சுண்டுவின் இஞ்சின். தொட்டால் உதை.’

சுண்டு என்பது மாமனாரின் தம்பி, எனக்குச் சின்ன மாமா. கதவில் பக்கவாட்டாக நுழையும் உடம்பு. இந்த வயதிலும் வீட்டில் அவர் சுண்டுதான். எனக்குச் சிரிப்பு வந்தது. எப்படியும் பாதி கரைந்துவிட்டதே என்று இன்னொரு பஞ்சை எடுத்து மீதியையும் வழித்துச் சுத்தமாக்கினேன். பிளாஸ்டிக்குக்குச் சேதம் இல்லை. கூட்டை மூடி போட்ட டப்பாவில் ஆல்கஹாலில் முழுக்கினேன். மறுநாள் மாலை பழைய பல்துலக்கியால் தேய்த்தபோது சிவப்பும் அடியிலிருந்த பச்சையும் பாம்புச் சட்டையாய் உரிந்து வந்தன. சன்னல் மூலைகளைப் பல்குத்தியால் நோண்டினேன். வெறும் சாம்பல் பிளாஸ்டிக், நேற்றுப் பிறந்தது போல.

ஞாயிறு மதியம் எல்லாரும் மாமனார் வீட்டில் சாப்பிடுவது வழக்கம். அந்தக் கூட்டை எடுத்துப்போயிருந்தேன். வேலையைக் காட்டும் ஆசைதான். அதைப் பார்த்ததும் சின்ன மாமா கையிலிருந்த தம்ளரைக் கீழே வைத்தார்.

“அண்ணே, இது என்னோடதுல்ல?”

“உன்னோடதா? டேய், அப்பா ஆளுக்கொண்ணா வாங்கிக் குடுத்ததுல உன்னோடதைத்தான் நீ மாடியிலேர்ந்து பறக்கவிட்டுச் சில்லு சில்லா ஆக்கினியே!”

“அது உன்னோடது. நான் உடைச்சது உன்னோடது. அதுக்குத்தான் அப்பாகிட்ட அடி வாங்கினேன்.”

“அடி வாங்கினதாவது ஞாபகம் இருக்கே!” என்றார் மாமனார். மேசையே சிரித்தது.

சின்ன மாமா சிரிக்கவில்லை. “உள்ள பாருங்க. கூரைக்கு உள்பக்கம் என் பேரை எழுதி வெச்சிருக்கேன்.”

மாமனார் கூட்டைக் கவிழ்த்தார். எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். துடைத்து வைத்த தட்டு மாதிரி இருந்தது.

“கனவு கண்டிருப்ப, சுண்டு” என்றார் என் மாமியார். “இந்த வயசுல ஒரு பொம்மைக்குப் பொய்யா?” என்று மைத்துனன் கிண்டலடித்தான். மாமனார் என் முதுகில் தட்டி, “மாப்பிள்ளை கை பட்டா என்ன பளிச்சுன்னு ஆயிடுது பாரு!” என்றார்.

அப்போதே வாயைத் திறந்திருக்க வேண்டும். முதுகில் விழுந்த அந்தத் தட்டல் எனக்குப் பிடித்திருந்தது. ஒரு நொடி போயிற்று, பிறகு இன்னொன்று. அதற்குமேல் சொன்னால் அந்த நொடிகளுக்கும் சேர்த்துப் பதில் சொல்ல வேண்டியிருக்கும். சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். சின்ன மாமா தலை நிமிராமல் சாப்பிட்டுவிட்டு, வரேன் என்றுகூடச் சொல்லாமல் போனார்.

அடுத்த ஞாயிறு அவர் வரவில்லை. “கோவிச்சுக்கிட்டானாம். பொய்யும் சொல்லிட்டு ரோஷம் வேற” என்றார் மாமனார். அந்த வாரம் மூன்று முறை பச்சையைக் கலக்கி மூன்று முறை கொட்டினேன். கூட்டை எடுக்கும்போதெல்லாம் விரல் தானாக உட்கூரைக்குப் போனது. ஆறாம் நாள் அதைத் துண்டில் சுற்றிக்கொண்டு மாமனார் வீட்டுக்கு நடந்தேன்.

“மாமா, உள்ள எழுதியிருந்துச்சு. நான்தான் அழிச்சேன்.”

அவர் செய்தித்தாளை இறக்கவில்லை. “அவன் உங்களைப் பிடிச்சுச் சொல்லச் சொன்னானா?”

“அவர் பேருன்னு மட்டும்தானே சொன்னாரு. ‘தொட்டால் உதை’ன்னும் கூட இருந்துச்சு.”

தாள் மெல்ல இறங்கியது. “சிலேட்டுல எழுதுவான்” என்றார். “தலையணையில எழுதுவான். ஒருதடவை என் சட்டையிலேயே எழுதி வெச்சான், தொட்டால் உதைன்னு.” கூட்டை வாங்கிக் கவிழ்த்து உட்கூரையை விரலால் தடவினார். “அப்போ உடைஞ்சது என்னோடதா?”

ஆமாம் என்று தலையசைத்தேன்.

“போன் போடுங்க. நீங்களே பேசுங்க.”

சின்ன மாமா முழுவதையும் குறுக்கிடாமல் கேட்டார். “அன்னிக்கே தெரியுமா மாப்பிள்ளை உங்களுக்கு?”

“தெரியும் மாமா.”

“நான் தலை குனிஞ்சு சாப்பிட்டப்போ எதிர்லதானே உட்கார்ந்திருந்தீங்க?”

“ஆமா.”

“இஞ்சினை அண்ணனே வெச்சுக்கட்டும். சிரிச்சாங்கல்ல, அவங்க ஒவ்வொருத்தர்கிட்டயும் சொல்லுங்க. நான் இல்ல, அண்ணன் இல்ல. நீங்க சொல்லணும்.”

மாமனார் கூட்டைத் துண்டில் திரும்பச் சுற்றி, செருப்பை மாட்டிக்கொண்டு தம்பி வீட்டுப் பக்கம் கிளம்பிவிட்டார். போகும்போது என் முதுகில் தட்டவில்லை.

அந்த முதல் ஞாயிறு மேசையில் மாமனார், சின்ன மாமா, நான் போக ஆறு பேர். ஒரு தாளில் வரிசையாக எழுதிக்கொண்டேன். உள்ளேயிருந்த மாமியாரிடமே தொடங்கினேன். “என் வாயிலேர்ந்தும் பேச்சு விழுந்துடுச்சே” என்று அவர் கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். மைத்துனன் போனில், “விடுங்க மச்சான், ஒரு பொம்மைக்குப் போய்” என்றான். விட முடியாது என்று மறுபடியும் முதலிலிருந்து சொன்னேன். கடைசிப் பெயர் என் மனைவி. வீட்டுக்குப் போய் அவளிடமும் சொல்லி முடித்தேன்.

“அன்னிக்கு உங்க காது சிவந்துச்சு. ஏதோ இருக்குன்னு நினைச்சேன்” என்றாள். “ஆனா நானும் சேர்ந்துதானே சிரிச்சேன்.”