ராஸ்பெரி டின்

கிரின்ஸ்டெட் தொழிற்சாலையில் அருகருகே பெட்டி அடுக்கும் தபிதாவுக்கும் ரூத்துக்கும் தோள்வலி. தபிதா ஒரு மாதமாகக் கஞ்சாச் செடியிலிருந்து எடுக்கும், போதை தராத சிபிடி எண்ணெயை நாக்கின் கீழ் விட்டுவந்தாள். கசந்தாலும் கொஞ்சம் சுகம் தெரிந்தது. ரூத்துக்கோ கணவர் தேவநாயகம் சிபிடி கலந்த ராஸ்பெரி பானம் வாங்கிக் கொடுத்தார்.

தபிதாவுக்குப் பொறாமையாக இருந்தது. தானும் ஒரு டின் வாங்கி, காருக்குள் தனியே இருந்து குடித்தாள். இனிப்பைத் தவிர ஒன்றும் தெரியவில்லை.

"உது வயித்துக்குள்ளால போய்ச் சேர நேரமெடுக்கும். எண்ணெய்தான் கெதியா வேலை செய்யும்," என்று மறுநாள் சாப்பாட்டு மேசையில் ரூத்திடம் சொன்னாள்.

"ஓம், எனக்குத் தோள் நோ குறையேல்லை," என்று ரூத் சிரித்தாள். "பின்னேரம் அவர் டின்னை உடைச்சுக் கையில தந்திட்டுப் பக்கத்தில இருப்பார். அதுக்காகத்தான் குடிக்கிறன்."

தபிதாவின் கணவர் தோள் நோகுதா என்றுகூடக் கேட்டதில்லை. அடுத்த நாள் அவள் வேறு மேசையில் போய் இருந்தாள்.