நாலாவது மாடிக்காரன்

வாட்ச்மேன் போன் செய்தபோது நான் என் வீட்டில்தான் இருந்தேன். அதாவது, என் பெயரில் வாடகைக்கு எடுத்த வீட்டில். நாலாவது மாடி. ஒரு நாற்காலி, ஒரு கட்டில், ஒரு அலமாரி, போகிறவர் வருகிறவர் கண்ணில் படும்படி வாசலில் ஒரு ஜோடி பழைய செருப்பு. அவ்வளவுதான் சாமான். ஒன்பது வருஷமாக நான் குடியிருப்பது இதற்கு நேர் மேலே, அஞ்சாவது மாடியில், டாக்டர் வீட்டில்.

டாக்டர் என்றால் ஊசி போடுகிற டாக்டர் இல்லை. தினமும் சாயங்காலம் டிவி தொடரில் வருகிற டாக்டர். நாலு வருஷமாக அந்த வெள்ளைக் கோட்டைப் போட்டு நடித்ததில் அவனுடைய சொந்தப் பெயர் யாருக்கும் ஞாபகம் இல்லை. கடைக்குப் போனால் முட்டிவலிக்கு மருந்து கேட்கிறார்கள். பெண்ணைப் பெற்றவர்கள் பெண்ணின் போட்டோவை சேனலுக்கே அனுப்புகிறார்கள். மாப்பிள்ளை என்றால் இப்படி இருக்க வேண்டும் என்ற அந்தப் பேச்சில்தான் அவன் பிழைப்பே ஓடுகிறது. எங்கள் விஷயம் வெளியே தெரிந்தால் மறுநாளே கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு வீட்டில் உட்கார வேண்டியதுதான்.

அதனால், வார இதழிலிருந்து பேட்டிக்கு வருகிறார்கள் என்றதும், காலையிலேயே என் பிரஷ், ஷேவிங் செட், கொடியில் காய்ந்த என் துணி எல்லாவற்றையும் ஒரு பையில் திணித்துக்கொண்டு கீழே இறங்கிவிட்டேன். அவன் பங்குக்குத் தன் இன்ஹேலரைத் துணி அலமாரியின் அடியில் ஒளித்து வைத்தான். "மூச்சு வாங்குற டாக்டர எவ கட்டிப்பா?" என்றான். "எவளும் கட்டிக்காம இருக்கத்தானே நான் இருக்கேன்," என்றேன். சிரித்தபடியே கதவைச் சாத்திக்கொண்டான்.

போனில் வாட்ச்மேன் கத்தினார். "அண்ணே, ஓடி வாங்க. லிஃப்ட் நின்னுபோச்சு. டாக்டர் சாரும் பத்திரிகைக்காரங்களும் உள்ள இருக்காங்க. இதையும் எழுதிட்டாங்கன்னா நம்ம பில்டிங் மானமே போயிடும்!"

இந்தக் கட்டடத்து லிஃப்டைப் பராமரிக்கிற மெக்கானிக் நான்தான். நான் இங்கே குடியிருப்பதை யாரும் விசித்திரமாக நினைக்காததற்கும் அதுதான் காரணம். கருவிப் பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். தோட்டத்தில் படம் எடுக்கக் கீழே போகிறோம் என்று, விளக்குப் பெட்டிகள் அத்தனையையும் ஆட்களோடு சேர்த்து ஏற்றியிருக்கிறார்கள். லிஃப்ட் நாலைத் தாண்டி, மூணுக்குப் போய்ச் சேராமல் நடுவில் நின்றிருந்தது. சாவி போட்டு வெளிக்கதவைத் திறந்தேன். உள்கதவின் மேல்விளிம்பு மட்டும் தரையோடு தரையாகத் தெரிந்தது. குப்புறப் படுத்து நெம்பியதில் ஒரு கை நுழைகிற அளவுக்கு இடைவெளி கிடைத்தது.

உள்ளே ஒரு பெண் குரல் பேட்டியை விடாமல் நடத்திக்கொண்டிருந்தது. "லிஃப்ட்ல மாட்டினாலும் இந்தக் கேள்விய நான் விடறதா இல்ல சார். கல்யாணம் எப்போ?"

"பொண்ணு கிடைக்கட்டும் மேடம். ஏமாத்தவா போறேன்?" என்றான் அவன். அது தொடரில் பேசுகிற குரல். வீட்டில் அந்தக் குரலில் பேசினால் நான் தலையணையை விட்டெறிவேன்.

லிஃப்டில் கைவைக்கும் முன் உள்ளே இருப்பவர்களிடம் இரண்டு கேள்வி கேட்க வேண்டும். அது எங்கள் விதி. கேட்டேன். "எத்தனை பேரு இருக்கீங்க? யாருக்காவது உடம்புக்கு முடியலையா?"

"மூணு பேரு, தம்பி. எல்லாரும் நல்லா... இருக்கோம்," என்றான். அவனைவிட நான் இரண்டு வயது மூத்தவன். வெளியே எப்போதும் தம்பிதான். ஆனால் எனக்கு உறைத்தது அது இல்லை, 'நல்லா'வுக்கும் 'இருக்கோம்'க்கும் நடுவில் வந்த சத்தம். மெல்லிய விசில் போல ஒன்று. அது ராத்திரியில் அவனை எழுப்புவதற்கு முன்னால் என்னை எழுப்பிவிடுகிற சத்தம்.

மொட்டை மாடிக்குப் போய், மின்சாரத்தை நிறுத்தி, பிரேக்கைத் தளர்த்தி, சக்கரத்தைக் கையால் சுற்றி லிஃப்டை இறக்கப் பத்து நிமிஷமாவது ஆகும். பத்து நிமிஷம் அவன் தாக்குப்பிடிப்பானா? சில நாள் பிடிப்பான். சில நாள் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறேன், அதுவும் பக்கத்து வீட்டுக்காரன் என்று சொல்லி. விசில் நெருங்கி நெருங்கி வந்தது. "சார், என்னாச்சு? முகமெல்லாம் வெளுத்துப்போச்சு!" என்றான் போட்டோகிராபர்.

என் பையில், ஸ்பானர்களுக்குப் பக்கத்தில், துணியில் சுற்றிய இன்ஹேலர் ஒன்று எப்போதும் இருக்கும். அதைக் கொடுத்தால் என்ன கேட்பார்கள் என்பது தெரியும். கையை இடைவெளிக்குள் விட்டு நீட்டினேன்.

"மேடம், இத அவருக்குக் குடுங்க. நல்லா குலுக்கிட்டு, ரெண்டு தடவ."

என் விரலிலிருந்து அதை யாரோ வாங்கினார்கள். அப்புறம் புஸ் என்று ஒரு சத்தம். இன்னொன்று. கேட்ட பிறகுதான் நான் மூச்சு விட்டேன்.

"அவருக்கு இதுதான் வேணும்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றார் அந்த அம்மாள்.

"எனக்கும் இதே கஷ்டந்தான் மேடம். சத்தத்த வச்சே தெரிஞ்சுபோகும்," என்று சொல்லிவிட்டு மாடிக்கு ஓடினேன்.

மின்சாரத்தை நிறுத்தி, சக்கரத்தைக் கையால் சுற்றினேன். லிஃப்ட் மூணாவது மாடிக்குச் சரியாக இறங்கியதும், பாதிப் படிகளைத் தாண்டிக் குதித்து வந்து கதவைத் திறந்தேன். அவன் விளக்குப் பெட்டி ஒன்றின் மேல் உட்கார்ந்திருந்தான். நெற்றி முழுக்க வேர்வை. என்னைப் பார்த்தும் பார்க்காதவன் போலச் சுவரைப் பார்த்தான். நிருபர் அம்மாளுக்கு ஐம்பது வயது இருக்கும், முட்டியைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"மொட்டை மாடியிலேர்ந்தா ஓடி வந்தீங்க?"

"ஆமா மேடம்."

"எனக்கு ரெண்டு படி ஏறினாலே இரைக்கும். உங்களுக்கு ஆஸ்துமாவும் இருக்கு, மூச்சே வாங்கலையே!"

அவர் இன்ஹேலரைப் பொதுவாக நீட்டினார். நான் கையை நீட்டினேன். அவனும் நீட்டினான். இரண்டு கையும் நடுவழியில் நின்றன. அவர் எங்களைப் பார்த்தார், பிறகு அவன் கையில் வைத்தார்.

வாட்ச்மேன் படியேறி வந்து சேர்ந்தார். "அண்ணன் இல்லேன்னா என்ன ஆயிருக்கும் சார்! எங்க நாலாவது மாடிக்காரரு," என்று பெருமையாகச் சொன்னார்.

"அப்போ இவங்க ரெண்டு பேரையும் ஒரு படம் எடுத்துக்க," என்றார் அந்த அம்மாள் போட்டோகிராபரிடம். "டாக்டர காப்பாத்தின மெக்கானிக். நல்லா இருக்கும்."

"வேணாம் மேடம். சட்டையெல்லாம் கிரீஸ்," என்றேன். ஒன்பது வருஷத்தில் நாங்கள் சேர்ந்து நிற்கிற படம் ஒன்றுகூடக் கிடையாது. போன் தொலைந்தால் வம்பு என்று எடுத்ததே இல்லை. அவன் மறுத்துவிடுவான் என்று நினைத்தேன். தலையைக் கோதிக்கொண்டு எழுந்து வந்து என் பக்கத்தில் நின்றான்.

"சார், தோள்ல கை போடுங்க," என்றான் போட்டோகிராபர்.

ரசிகர்களோடு படம் எடுக்கும்போது அவன் கை யார் தோளிலும் படாது. அரை விரல் உயரத்தில் அந்தரத்தில் நிற்கும், படத்தில் தொட்டது போலத் தெரியும். எனக்கே செய்து காட்டியிருக்கிறான். நான் நேராகப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

கை வந்தது. நிற்கவில்லை. முழு பாரத்தோடு இறங்கி, கிரீஸ் பட்ட காலரைத் தாண்டி, கட்டைவிரல் என் கழுத்தில் வந்து அமர்ந்தது. வெளிச்சம் ஒரு தடவை வெட்டியது. இன்னொரு தடவை.

"அவ்வளவுதான் சார், முடிஞ்சுது," என்றான் போட்டோகிராபர்.

அந்த அம்மாள் கைப்பைக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தார். வாட்ச்மேன் பெட்டிகளை ஒவ்வொன்றாகப் படியில் இறக்க ஆரம்பித்தார். போட்டோகிராபர் கேமராவை மூடிவிட்டு எங்களை நிமிர்ந்து பார்த்தான். கை இன்னும் என் தோளில் இருந்தது.