கண்மருந்து போட்ட இறால்

புத்தளத்து நப்லாவின் பண்ணை இறாலில் குளோரம்பெனிகோல் இருப்பதாகக் கருவி காட்டியது. அளவு கடுகளவுகூட வராது. ஆனாலும் உணவுக்காக வளர்ப்பவற்றுக்கு அறவே கொடுக்கக்கூடாத மருந்து அது. அறிக்கை நாளை மாலை போனால் அந்த இறால் கப்பல் ஏறாது, அத்தனையும் அழிக்கப்படும்.

"நாங்க குளத்துக்கு மருந்தே போடல்ல மிஸ்," என்று போனில் நப்லாவின் குரல் உடைந்தது. "வாப்பாட காலத்துலயும் போட்டதில்ல."

"எல்லாரும் இதைத்தான் சொல்றாங்க," என்று தலைமை ஆய்வாளர் றேணுகா போனை வைத்தார். பல்லேகல ஆய்வுகூடத்தில் அந்த இறாலை உரித்து அரைத்தவள் யசோதினி. அவளுக்கு அந்தக் குரல் பஸ்ஸிலும் கூடவே வந்தது.

மஹய்யாவவிலுள்ள வீட்டுக்கு வந்ததும் கண்நோய்க்கு மருந்து விடச் சின்னப் போத்தலை எடுத்தாள். நாலு நாளாக அதைக் கையோடு கொண்டு திரிகிறாள். லேபிளை இன்றைக்குத்தான் வாசித்தாள்: குளோரம்பெனிகோல்.

"ஐயோ!"

"என்னாடி, எரியுதா?" என்றார் அடுப்படியிலிருந்து அம்மா.

"இல்லம்மா. இறால்!"

"கண்ணுக்குள்ளயா?"

அந்த இறாலை உரித்த அன்று, மருந்து விட்ட கண்ணில் நீர் வழிந்தது. கையுறையோடேயே துடைத்தாள். அதே கையால் அடுத்த இறாலை எடுத்தாள். உண்மையில் அவள் அன்று வேலைக்கே போயிருக்கக்கூடாது. லீவு கேட்க வேண்டுமானால் றேணுகா மிஸ்ஸிடம் போய்ப் பேச வேண்டும். அதற்குப் பயந்துதான் போனாள்.

மறுநாள் காலை போத்தலை றேணுகாவின் மேசையில் வைத்தாள். பஸ்ஸில் ஒத்திகை பார்த்ததெல்லாம் மறந்துபோயிற்று.

"மிஸ், மருந்து இறாலோடது இல்ல. என்னோடது."

நடந்தது முழுவதையும் சொல்லி முடித்தாள். அவர் லேபிளை எட்டப் பிடித்து வாசித்தார். உதடு துடித்தது. அடக்க முடியாமல் சிரித்தேவிட்டார்.

"மூணு வருசத்துல நீங்க எங்கிட்ட இவ்வளவு பேசினதே இல்ல, தெரியுமா? சரி, நடந்ததை அப்படியே எழுதிக் குடுங்க. இன்னைக்கு இறால் பக்கமே வரக்கூடாது!"

அதே இறாலின் மறுபாதி, முத்திரை வைத்தபடி உறைபெட்டியில் இருந்தது. கூட வேலை செய்யும் ஜெயராஜ் புதுக் கையுறை போட்டு அதை உரித்தார். யசோதினி கண்ணாடிக் கதவுக்கு வெளியே, ஒரு கண் சிவந்து, நின்றாள். மத்தியானம் தாண்டி அவர் கதவைத் திறந்தார்.

"ரெண்டு தரம் பார்த்தாச்சு தங்கச்சி. ஒன்னுமே இல்ல!"

றேணுகா போனை அவளிடமே நீட்டினார். அவள் பின்வாங்கினாள், பிறகு வாங்கிக்கொண்டாள்.

"நப்லா, உங்க இறால் சுத்தம். அந்த மருந்து... என் கண்ணுல போட்டது. மன்னிச்சிருங்க."

மறுமுனையில் நப்லா குளக்கரையில் யாரையோ கூப்பிட்டுச் சொல்லிச் சிரிக்கும் சத்தம், அவர்களும் சேர்ந்து சிரிக்கும் சத்தம்.

"அல்ஹம்துலில்லாஹ்! மிஸ், இப்ப கண்ணு எப்புடி?"

யசோதினியும் சிரித்துவிட்டாள். சிரிப்பு அடங்குமுன்னே றேணுகாவின் பக்கம் திரும்பினாள்.

"மிஸ், எனக்கு ரெண்டு நாள் லீவு வேணும்."