வெள்ளைத் துணிக்குப் பின்னால்

நோர்டியா என் ஸ்டுடியோவுக்குள் நுழைந்தபோது மதியம் ஒன்றேகால். தலையில் வைக்கோல் தொப்பி, கண்ணில் கறுப்புக் கண்ணாடி. சர்ச்சில்கூட முன்வரிசையில் உட்காரக் கூச்சப்படுகிற பெண் சினிமாக்காரி மாதிரி வந்து நிற்கிறாளே என்று எனக்குச் சிரிப்புதான் வந்தது.

"பாஸ்போர்ட் போட்டோ வேணும், மிஸ் மெர்ல். இப்பவே வேணும்."

"அடேயப்பா! எந்த ஊருக்கு மகாராணி கெளம்பிட்டீங்க?"

அவள் சிரிக்கவில்லை. கதவைத் தாழ்ப்பாள் போடலாமா என்று கேட்டாள். கடைக்கு எதிரே பஸ் ஸ்டாண்ட். பட்டப்பகலில் நான் கதவைச் சாத்தினால் ஐந்தே நிமிஷத்தில் ஊர் திரண்டு வந்து ஏன் என்று கேட்கும். முடியாது என்றேன்.

பாஸ்போர்ட் படத்துக்குச் சட்டம் கறார். தொப்பி கூடாது, கண்ணாடி கூடாது, முடி முகத்தில் விழக்கூடாது, இரண்டு காதும் தெரியவேண்டும், சிரிக்கவே கூடாது. இருபத்தாறு வருஷமாக இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்துவிட்டது. அன்றைக்கும் அதே பாட்டைப் பாடினேன். அவள் ஒவ்வொன்றாகக் கழற்றினாள். கடைசியாக, இடது கன்னத்தில் இழுத்து விட்டிருந்த முடியை எடுத்துக் காதுக்குப் பின்னால் செருகினாள்.

கண்ணுக்குக் கீழிருந்து தாடைவரை கன்றிப்போயிருந்தது.

"லிண்டலா?" என்றேன். தலையை ஆட்டினாள்.

லிண்டல் அவள் புருஷன். எங்கள் ஊருக்கும் கிங்ஸ்டனுக்கும் மினிபஸ் ஓட்டுகிறவன். வயதானவர்களைக் கைகொடுத்து ஏற்றிவிடுவான், காய்கறி மூட்டைக்குத் தனியாகக் காசு கேட்க மாட்டான். எப்போதும் சிரித்த முகம். ஊரில் அவனைப் பிடிக்காதவர் கிடையாது. எனக்கும் பிடித்துத்தான் இருந்தது.

"கேமன் தீவுல அக்கா ஒரு ஹோட்டல்ல வேல பாத்து வெச்சிருக்கா. நாளைக்கு அவன் மொத ட்ரிப் போனதும் மீன் லாரியில ஏறிடுவேன். கிங்ஸ்டன்ல அவசரமாப் போட்டா ரெண்டு நாள்ல பாஸ்போர்ட் குடுத்துடுவாங்களாம். படமும் கையெழுத்தும்தான் பாக்கி. அவனுக்குத் தெரிஞ்சா என்னைக் கொன்னுடுவான், மிஸ் மெர்ல். சும்மா பேச்சுக்குச் சொல்லல."

அவள் சும்மா சொல்லவில்லை என்பது அந்த முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. உடனே வேலையைப் பார்த்தேன். வெள்ளைத் துணிக்கு முன்னால் ஸ்டூலில் உட்காரவைத்து நான்கு தடவை எடுத்தேன். மூன்றில் கண் கலங்கியிருந்தது, ஒன்று தேறியது.

அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றியதும் என் கை தானாக ஓடியது. எத்தனை கல்யாணப் பெண்களின் பருக்களைத் துடைத்த கை இது! கன்றல் மேல் நல்ல தோலின் நிறத்தைத் தடவினேன். இரண்டு நிமிஷத்தில் முகம் பளிச்சென்று ஆகிவிட்டது. அவளுக்கு நல்லது செய்கிறோம் என்று பெருமை வேறு.

அச்சடித்து, வெட்டி, உறையில் போட்ட நேரத்தில் வெளியே ஹாரன் கேட்டது. மூன்று சின்னது, ஒரு நீளம். மூன்று மணிக்கு வரவேண்டிய லிண்டல் இரண்டுக்கே வந்துவிட்டான்.

நோர்டியா துணிக்குப் பின்னால் பாய்ந்தாள். துணி தரைவரை தொங்குவது, அதற்கும் சுவருக்கும் நடுவே ஒரு முழம்தான் இடம். கம்ப்யூட்டர் திரையை அணைத்து, அவள் கண்ணாடியையும் உறையையும் மேஜை இழுப்பறைக்குள் தள்ளினேன். தொப்பி மட்டும் ஸ்டூலிலேயே கிடந்தது. அவன் படியேறும் சத்தம் கேட்டது. எனக்கு வேறொன்றும் தோன்றவில்லை, தொப்பியை எடுத்து என் தலையில் வைத்துக்கொண்டேன்.

"என்ன மிஸ் மெர்ல், கடைக்குள்ளயும் வெயில் அடிக்குதா?"

"கூரை ஒழுகுது. உன் பஸ்ஸ விடக் கொஞ்சம் கம்மியா."

ஹாஹா என்று சிரித்தான். "நோர்டியாகிட்டயும் இதே மாதிரி ஒண்ணு இருக்கு."

"எல்லாரும் மார்க்கெட்ல ஒரே இடத்துலதானே வாங்கறோம்?"

"அதுவும் சரிதான்." தொப்பியையே பார்த்துக்கொண்டு நின்றான். "டிரைவர் பேட்ஜ் புதுப்பிக்கணும். ஒரு படம் எடுத்துடுங்க. அடுத்த ட்ரிப்புக்குப் பத்து நிமிஷம் இருக்கு."

நாளைக்கு வா என்று சொன்னால் சந்தேகப்படுவானோ என்று பயமாக இருந்தது. உட்காரச் சொன்னேன். அவள் உட்கார்ந்திருந்த சூடு ஆறாத ஸ்டூலில் உட்கார்ந்தான். அவன் முதுகுக்கும் அவளுக்கும் நடுவில் ஒரு துணி. அவள் மூச்சு விடுகிறாளா என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

"சிரிக்கக்கூடாது, லிண்டல்."

"சிரிக்காம எனக்கு வராதே!"

"சட்டம்பா. வாயை மூடு."

மூடினான். சிரிப்பு போனதும் அங்கே உட்கார்ந்திருந்தது வேறு ஆள். கண் இரண்டும் அசையாமல் என்னைப் பார்த்தன. ராத்திரி வீட்டுக்கதவு சாத்தியபிறகு அவள் பார்க்கிற முகம் இதுதான் என்று எனக்குப் புரிந்தது.

"துணி ஆடுதே?" என்றான் திரும்பாமலே. துணியின் நிழல் தரையில் அசைவதைப் பார்த்திருக்கிறான்.

"ஃபேன் காத்து. ஆடாம உக்காரு."

ஃபேன் ஓடிக்கொண்டிருந்ததா என்று நான் மேலே பார்க்கவில்லை. பட்டனை அழுத்தினேன். சனிக்கிழமை வந்து வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனான். ஹாரன் சத்தம் தூரத்தில் தேய்ந்த பிறகும் அவள் வெளியே வரவில்லை. நான் போய்க் கையைப் பிடித்து அழைத்து வந்தேன். கை ஜில்லிட்டிருந்தது.

இனிக் கையெழுத்து. ஜமைக்கா பாஸ்போர்ட்டுக்கு அதுதான் பெரிய கண்டம். படத்தின் பின்பக்கம் 'இது இன்னாருடைய உண்மையான சாயல்' என்று எழுதி, ஆளை நன்றாகத் தெரிந்த பெரிய மனுஷர் ஒருவர் கையெழுத்துப் போடவேண்டும். அவளைத் தெரிந்தவர்கள் எல்லாருக்கும் அவனையும் தெரியும். பாஸ்டர் அவனுக்குச் சித்தப்பா. ஹெட்மாஸ்டர் அவனோடு டோமினோ ஆடுகிறவர். போலீஸ் இன்ஸ்பெக்டருக்கு அவன் பஸ்ஸில் முன்சீட்டு எப்போதும் தயார். மிச்சம் இருந்தது மிஸ் ஐசில்டா. போஸ்ட் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இப்படிக் கையெழுத்துப் போடுவதற்கென்றே அரசாங்கம் முத்திரை கொடுத்திருக்கும் ஜே.பி. ஆனால் லிண்டலுக்கு ஞானத்தாய். வாயை விட்டுவிட்டால் எல்லாம் முடிந்தது.

வேறு வழியில்லை. கொல்லைப்புற வழியாகக் கூட்டிப்போனேன்.

மிஸ் ஐசில்டா படத்தைப் பூதக்கண்ணாடியில் பார்த்தார். பிறகு நோர்டியாவைப் பார்த்தார்.

"தொப்பி. கண்ணாடி. முடியை ஒதுக்கு."

அவள் ஒதுக்கினாள்.

"இது யாரு?" என்று படத்தைத் தட்டினார்.

"நான்தான், மேடம்."

"இது நீ இல்ல. இதுல நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

நோர்டியா நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ.

"உங்க ஞானப்பிள்ளை பண்ணின கோலம்தான் இது! அவனைக் காப்பாத்தணும்னா நேரடியாச் சொல்லிடுங்களேன்!"

"கத்தாத, மெர்ல். யார் பண்ணினதுன்னு நான் கேக்கவே இல்ல. இந்த முகத்துல இருக்கறது அந்தப் படத்துல எங்க போச்சு?"

"நான்தான் துடைச்சேன். பத்து வருஷம் அந்தப் படத்தைத் தூக்கிட்டு அலையணுமேன்னு."

"எத்தன வருஷமா அவ இதைத் தூக்கிட்டு அலையறான்னு அவளைக் கேட்டியா?"

"நாலு," என்றாள் நோர்டியா, யாரும் கேட்காமலே. "துடைக்காத படத்தையே கொண்டாங்க, மிஸ் மெர்ல்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நாலு வருஷத்துக்கு முன் அவள் கல்யாண ஆல்பம் செய்தவள் நான். பெண்ணின் மேல்கையில் நான்கு விரல் தடம் இருந்தது. கொசுக்கடி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு அதையும் துடைத்துக் கொடுத்தேன். மாப்பிள்ளை வந்து, ரொம்ப நன்றாக வந்திருக்கிறது என்று கைகுலுக்கிவிட்டுப் போனான். வெட்கம் பிடுங்கித் தின்றது. என் ஐம்பது வயது உடம்போடு கடைக்கு ஓடினேன்.

இந்தமுறை எதையும் தொடாமல் அச்சடித்தேன். ஒரு தாளில் நான்கு படம் வரும். மிஸ் ஐசில்டா ஒன்றைத் திருப்பி, மை ஊறி முன்பக்கம் வந்துவிடாதபடி மெதுவாக எழுதிக் கையெழுத்திட்டார். விண்ணப்பத்தில் முத்திரை குத்தினார். பிறகு இன்னொரு படத்தை எடுத்து அதன் பின்னாலும் அதையே எழுதி, தேதியோடு மணியும் போட்டார்.

"ஒண்ணுலதானே வேணும், மேடம்?" என்றாள் நோர்டியா.

"இது எனக்கு," என்று இழுப்பறையில் வைத்துப் பூட்டினார்.

அன்றைக்கு ராத்திரி அவள் அந்த வீட்டுக்குத் திரும்பித்தான் ஆகவேண்டியிருந்தது. எனக்குப் பொட்டுத் தூக்கம் இல்லை. மறுநாள் புதன்கிழமை அவளை ஏற்றிக்கொண்டு மீன் லாரி கிளம்பியதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் காலைக் காப்பியைக் குடித்தேன். மூன்று நாள் லிண்டல் வீடு வீடாக விசாரித்தான், சிரித்த முகத்தோடுதான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவள் அக்காவிடமிருந்து ஒரே வரி வந்தது: இறங்கிவிட்டாள்.

சனிக்கிழமை காலை லிண்டல் தன் படத்தை வாங்கிப்போனான். பேட்ஜுக்கும் பின்பக்கக் கையெழுத்து வேண்டும். மதியம் திரும்பி வந்தான். ஹாரன் கேட்கவில்லை. கதவைத் தன் பின்னால் சாத்திவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தான்.

"ஐசில்டா அம்மா கையெழுத்துப் போடல," என்றான். "'இந்த ஆளை எனக்குத் தெரியாது, தெரியாதவங்களுக்குப் போட முடியாது'ன்னுட்டாங்க. கைக்குழந்தையா என்னை சர்ச்சுக்குத் தூக்கிட்டுப் போனவங்க."

நான் வெட்டிக்கொண்டிருந்த படத்தைக் கீழே வைத்தேன்.

"அவங்க மேஜை மேல நோர்டியா படம் ஒண்ணு வெச்சிருந்தாங்க. பின்னாடி வெள்ளைத் துணி."

எழுந்தான். துணியை ஒரு கையால் ஒதுக்கிப் பின்னால் பார்த்தான். சுவர்தான் இருந்தது. துணியை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினான். முகத்தில் சிரிப்பு இல்லை.

"நீங்க எடுத்ததா?"

இந்த ஊரில் இன்னும் இரண்டு ஸ்டுடியோ இருக்கிறது. எல்லாருடைய துணியும் வெள்ளைதான். பொய் நாக்கு நுனியில் தயாராக நின்றது. மேஜையைப் பிடித்துக்கொண்டேன்.

"நான்தான் எடுத்தேன், லிண்டல்," என்றேன். "இந்தத் தடவை எதையும் துடைக்கல."