பழ வாரத்தின் இரண்டு பெட்டிகள்

அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. அட்டையில் 'பழ வாரம், திங்கள் முதல் சனி வரை' என்று ஸ்கெட்ச் பேனாவால் எழுதி, கோணலாகிவிட்டதோ என்ற சந்தேகத்தில் அடிக்கோட்டை இரண்டு முறை போட்டிருக்கிறேன். என் அக்கா மகள் மோனிஷா இப்போது இரண்டாம் வகுப்பு. பள்ளி ஜீப்பில் ஏறும்போது எனக்குக் கை காட்டக்கூட மறந்துவிடுகிறாள். தோழிகளோடு அவ்வளவு பேச்சு. ஜீப் வளைவில் மறைந்ததும் சில நாள் இந்த நோட்டை எடுத்துப் பார்க்கிறேன்.

அப்போது அவளுக்கு நாலரை வயது. மூன்று மாதம் அங்கன்வாடிக்குப் போய், ஒரு வார்த்தை பேசாமல் நின்றுகொண்டவள். வீட்டில் பேசுவாள். வெளியாள் யாராவது வாசலில் நின்றால் அம்மாவின் முந்தானைக்குள் போய்விடுவாள். அக்கா செல்வலட்சுமி சாந்தன்பாறைப் பக்கம் ஏலக்காய்த் தோட்டத்தில் காய் எடுக்கிறாள். அக்காவின் கணவர் மணிகண்டன் மச்சான் ஜீப் ஓட்டுகிறார். போடியில் இருக்கும் அவருடைய அக்கா சுருளியம்மாள் ஒருநாள் போனில் சொன்னார்:

"பிள்ளைய எங்கிட்ட விடுங்க. இங்க நாலு பிள்ளைகளோட சேந்தா வாய் தானா தொறக்கும். காட்டுக்குள்ள வச்சு ஊமையாக்கிராதீக."

சனிக்கிழமை வந்து பார்ப்பார், பேசவில்லையென்றால் கையோடு கூட்டிப்போவார் என்று முடிவானது. அக்கா அடுப்படியில் திரும்பத் திரும்ப முகம் கழுவிக்கொண்டிருந்தாள்.

நான் அக்கா வீட்டில் தங்கி, மாலை வகுப்பில் மழலையர் ஆசிரியர் பயிற்சி படித்துக்கொண்டிருந்தேன். "ஒரு வாரம் குடுங்க மச்சான், நான் வீட்லயே சொல்லிக் குடுக்கேன்" என்று வாயை விட்டது நான்தான். விட்ட பிறகுதான் பயந்தேன். ஒரே பொருளை வைத்துக்கொண்டு எண்ணிக்கை, நிறம், கதை எல்லாம் சொல்லித்தரும் முறை எங்கள் வகுப்பில் உண்டு. நான் பழத்தை எடுத்துக்கொண்டேன்.

திங்கள்கிழமை சார்ட்டில் ஒரு மரம் வரைந்து, காகிதப் பழங்களை ஒட்டச் சொன்னேன். மோனிஷா எல்லாவற்றையும் மரத்தின் அடியில், மண்ணோடு மண்ணாக ஒட்டினாள். "பழம் கொப்புலதான தொங்கும்?" என்று பிய்த்து மேலே ஒட்டினேன். நோட்டில் 'இடம் தெரியவில்லை' என்று எழுதியிருக்கிறேன்.

செவ்வாய் நல்ல நாள். வேலியில் படர்ந்த பேஷன் ஃப்ரூட்டை வெட்டி விதைகளை எண்ணினோம். "சித்தி, இது தவளை முட்டை" என்று சொல்லிவிட்டு, அதைத் தின்றுகொண்டே சிரித்தாள். இருபத்து மூன்று வரை எண்ணினாள். பதினாறை மட்டும் விட்டுவிட்டாள்.

புதன்கிழமை இரண்டு அட்டைப்பெட்டிகள். பச்சைக் காகிதம் ஒட்டியது காய்க்கு, சிவப்பும் மஞ்சளும் ஒட்டியது பழத்துக்கு. தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தைச் சுற்றி இருவரும் பொறுக்கிவந்தோம். சிவந்த காப்பிப் பழத்தைச் சரியாகப் போட்டாள், கொய்யாப் பிஞ்சையும் சரியாகப் போட்டாள். பிறகு கவுன் பையிலிருந்து ஒரு பச்சை ஏலக்காயை எடுத்துப் பழப் பெட்டியில் வைத்தாள். நான் எடுத்து மாற்றினேன். அவள் திரும்பவும் பழப் பெட்டியில் வைத்தாள்.

"பச்சையா இருந்தா காய்டா. பெட்டியில என்ன கலர் இருக்கு, பாரு."

என்னையே பார்த்தாள். பிறகு இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். வியாழன், வெள்ளி இரண்டு நாளும் என்னிடமும் பேச்சில்லை. தண்ணீருக்குக்கூட சொம்பைத்தான் காட்டினாள்.

வெள்ளி சாயங்காலம் அக்கா வந்து, காய்க்கறை ஏறிக் கறுத்த விரல்களைத் தேய்த்துக் கழுவும்போது எல்லாவற்றையும் சொன்னேன். அந்த வாரத்தில் முதல் தடவையாகச் சிரித்தாள்.

"அடிப் போடி டீச்சரு! ஏலக்கா மஞ்சளாகுற வரைக்கும் விட்டா வெடிச்சிரும், எலி தின்னுட்டுப் போயிரும். பச்சையிலதான் எடுக்கணும். உரிச்சா உள்ள விதை கறுத்திருக்கணும், அதான் வெளஞ்சது. நான்தான் இவளுக்குக் காட்டிக் குடுத்தேன். காய்க்கிறதும் அடியிலதான், செடி மூட்டுல சரஞ்சரமா."

நாங்கள் பள்ளிவாசல் என்ற ஊரின் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர்கள். அங்கே கொழுந்துதான் எல்லாம், காயை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அக்கா கல்யாணமாகி வந்து ஏலம் கற்றுக்கொண்டாள். நான் இங்கே ஒரு வருஷம் இருந்தும் ஏலச்செடியின் அடியைக் குனிந்து பார்த்ததில்லை.

சனிக்கிழமை சுருளியக்கா ஒரு கிலோ பச்சைத் திராட்சையோடு வந்தார். "என்னடி, அத்தைய அடையாளம் தெரியுதா?" என்றதும் மோனிஷா முந்தானைக்குள் போய்விட்டாள். "பாத்தியா தம்பி" என்று மச்சானைப் பார்த்தார். மச்சான் தரையைப் பார்த்தார்.

பெட்டிகளை எடுத்து வைத்தேன். ஒரு பச்சை ஏலக்காயை அவள் பக்கம் நீட்டினேன்.

"மோனிஷா, புதன்கிழமை சித்திதான் தப்பா வச்சேன். நீ வச்சதுதான் சரி. எதை எங்க வைக்கணும்னு எனக்குச் சொல்லிக் குடு."

"டீச்சருக்கே தெரியலயா? நல்லா வெளங்கும்!" என்றார் சுருளியக்கா. ஏலக்காயை நீட்டியபடியே இருந்தேன்.

முந்தானை விலகியது. வந்து வாங்கினாள். நகத்தால் கீறிப் பிளந்து, நேராக அத்தையிடம் கொண்டுபோய்க் காட்டினாள்.

"கறுப்பு. எடுக்கலாம்." பையிலிருந்து இன்னொன்றை எடுத்துப் பிளந்தாள். "இது வெள்ள. எடுத்தா கங்காணி வையும்."

அவள் பாட்டுக்கு ஒரு திராட்சையை எடுத்துப் பிய்த்தாள். உள்ளே உற்றுப் பார்த்தாள்.

"அத்தை, இதுல விதையே இல்ல. பழுத்துருச்சான்னு எப்பிடிப் பாக்குறது?"

"எனக்கென்னடி தெரியும்? கடைக்காரன் குடுத்தான்."

"நீ கேக்கலயா?"

சுருளியக்கா வாயில் கைவைத்தார். "ஆத்தாடி! இவள அங்க கூட்டிட்டுப் போனா நான் தெனம் பரீட்சை எழுதணும். உங்கிட்டயே இருக்கட்டும் தம்பி." பிறகு என்னைப் பார்த்து, "ஆமா, அடுத்த வாரம் என்ன பாடம்?" என்றார்.

சனிக்கிழமைப் பக்கத்தில் 'மதிப்பீடு' என்ற இடத்தில் நான் எதுவும் எழுதவில்லை. அன்று மோனிஷா அந்தத் திராட்சைத் தோலைக் கொண்டுவந்து, பக்கத்தின் அடி ஓரத்தில் ஒட்டினாள். மேலே ஒட்டு என்று நான் சொல்லவில்லை. காய்ந்து பழுப்பாகி, இன்னும் அங்கேயே இருக்கிறது.