பத்தொன்பது மில்லிமீட்டர்

அண்ணிக்கு மூச்சு வாங்குவதற்கு எங்கள் வீட்டில் வைத்திருந்த பெயர் சோம்பேறித்தனம். வீடு மூன்றாவது மாடி. ஏறுவதற்குள் இரண்டு இடத்தில் நிற்பாள். கேட்டால் செருப்பின் பின்வாரைச் சரிசெய்வதாகச் சொல்வாள். பின்வாரே இல்லாத செருப்பில் எதைச் சரிசெய்கிறாள் என்று அண்ணன் கிண்டலடிப்பான். நானும் கூடச் சேர்ந்து சிரித்திருக்கிறேன்.

அவன் வாய்க்குத் தீனி போட்டதே நான்தான். எக்ஸ்ரே எடுப்பது என் வேலை. போன வருஷம் அண்ணியை நெஞ்சு பலகையில் ஒட்டும்படி நிற்கவைத்துப் படம் எடுத்தேன். நுரையீரல் பளிச்சென்று இருந்தது. ஒரு கோளாறும் இல்லை என்று வீடு முழுக்கச் சொல்லிவிட்டேன். வீட்டு ஆள்தானே என்று டாக்டரிடம் காட்டவும் இல்லை.

போன வாரம், புதிதாக வந்த டாக்டரம்மா யாருடைய படத்தையோ அளந்துகொண்டிருந்தார். நுரையீரலை விட்டுவிட்டு, இதயத்துக்குப் பக்கத்தில் இறங்கும் வெள்ளைப் பட்டையை அளந்தார். எனக்கு ஆர்வம் தாங்கவில்லை, கேட்டேன். அது நுரையீரலுக்குப் போகும் இரத்தக்குழாய். பெண்களுக்குப் பதினைந்து மில்லிமீட்டரைத் தாண்டினால், உள்ளே இரத்த அழுத்தம் ஏறியிருக்கிறதோ என்று சந்தேகப்பட வேண்டுமாம்.

மத்தியானம் சாப்பிடக்கூடப் போகாமல் அண்ணியின் படத்தைக் கம்ப்யூட்டரில் தேடி எடுத்து அளந்தேன். பத்தொன்பது. நம்பாமல் இன்னும் இரண்டு தடவை அளந்தேன். அவள் வேலைக்குச் சேர்ந்தபோது மெடிக்கல் செக்கப்புக்காக எங்களிடமே எடுத்த பழைய படமும் இருந்தது. அதில் பன்னிரண்டு. ஒரே மெஷின், நிற்கவைத்த தூரமும் அதே ஆறடி. மெஷின்மேல் பழி போட வழியில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது.

டாக்டரம்மா இரண்டு படங்களையும் பார்த்துவிட்டு, எக்ஸ்ரே சந்தேகத்தைத்தான் கிளப்பும், இதயத்தை ஸ்கேன் செய்யும் எக்கோ எடுத்துப் பார்க்கலாம் என்றார். மறுநாளே எடுத்தோம். அழுத்தம் ஏறித்தான் இருந்தது. காரணத்தைக் கண்டுபிடிக்க இன்னும் சில பரிசோதனைகள் வேண்டும், அதற்கேற்ற மருந்தும் இருக்கிறது என்றார்கள்.

அண்ணியிடம் ஒளிக்காமல் சொன்னேன்.

"தப்பு என்மேலதான் அண்ணி. அன்னிக்கே டாக்டர்கிட்ட காட்டியிருக்கணும்."

அவள் திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவளோ ரிப்போர்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"நான் நடிக்கலைன்னு இதுல எழுதியிருக்கா?"

பக்கத்தில் நின்ற அண்ணன் ரிப்போர்ட்டை வாங்கிப் பையில் வைத்தான். வீட்டுக்கு வந்து படியேறினோம். முதல் மாடித் திருப்பத்தில் அண்ணி நின்றாள். ஒரு படி முன்னால் போன அண்ணன் இறங்கி வந்து, அவள் பக்கத்தில் குனிந்து தன் செருப்பைச் சரிசெய்ய ஆரம்பித்தான். அதிலும் பின்வார் கிடையாது.